நாளை என்றொரு பூங்கா



பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்வர வேண்டும் என்ற பேச்சு எந்த வீட்டில்தான் எழுவதில்லை? கடற்கரையா, மிருகக்காட்சிச்சாலையா, ஊருக்கு வந்திருக்கும் கார்னிவலா என்று வாப்பாவும் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். முடிவு கடைசியில் உம்மாவிடம்தான் வந்து சேரும். போனால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும், செலவுக்கேற்ற பயன் இருக்குமா என்று கணக்குப் பார்ப்பவள் அவள்தானே!

இதே கணக்கை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவிலும் உண்டு. அவர்கள் கேளிக்கைப் பூங்காக்களின் இரசிகர்கள். விளையாட்டுப் புத்திக்காரர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடாதீர்கள். எந்தக் காட்சி எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, எது ஏன் மூடப்பட்டது, அதன் இடத்தில் வந்தது தரமானதா, தரக்குறைவானதா என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் ஆகக் கூடுதலாக வாதாடுவது ஓர் இடத்தைப் பற்றித்தான். புளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பூங்காவின் பெயர் எப்கொட். இன்று அதைச் சுற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

ஒரு தகப்பனின் எண்ணம்

வோல்ட் டிஸ்னி என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. மிக்கி மவுஸ் என்ற எலியை உலகமெங்கும் பிரபலமாக்கியவர். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். விடுமுறை நாட்களில் அவர்களை லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கிரிபித் பூங்காவுக்கு அழைத்துப் போவார். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தகப்பன் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழக்கூடிய ஓர் இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் அந்த வாங்கில்தான் தனக்குப் பிறந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது.

அதோடு அவர் நிற்கவில்லை. புளோரிடாவில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை, விலை ஏறிவிடாமலிருக்கத் தன் பெயரை வெளியில் விடாமல் வாங்கிப்போட்டார். அங்கே பூங்கா மட்டுமல்ல, ஒரு நகரத்தையே கட்டவேண்டும் என்பது அவருடைய திட்டம். 20,000 பேர் அதில் குடியிருப்பார்கள். நகரத்தின் நடுப்பகுதி கூரையால் மூடப்பட்டிருக்கும். வாகனங்கள் நிலத்துக்கு அடியில் ஓடும். ஆட்கள் மின்சார வண்டிகளில் போய்வருவார்கள். இந்தத் திட்டத்தை விளக்கி 1966 ஒக்டோபரில் ஒரு படமும் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி அவர் காலமானார்.

நகரம் எழும்பவில்லை. அந்த நகரத்துக்கு அவர் வைத்த பெயர் மட்டும் மிஞ்சியது. ‘நாளைய சமுதாயத்தின் பரிசோதனை மாதிரி’ என்ற பொருளைத் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான பெயர் அது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரில் 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி ஒரு பூங்காவைத் திறந்தார்கள். பாதிப் பூங்கா அறிவியலுக்கும் எதிர்காலத்துக்கும்; மறுபாதி உலக நாடுகளுக்கு. மாளிகை, இளவரசி, தேவதைக் கதை எதுவும் இல்லை. தொடக்கத்தில் மிக்கி மவுஸுக்குக்கூட அங்கே இடம் கொடுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கோளத்துக்குள்ளே

வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவது வெள்ளி நிறத்தில் ஒரு பிரமாண்டமான உருண்டை. பதினெட்டு மாடி உயரம். 11,000க்கும் மேற்பட்ட முக்கோணத் துண்டுகளால் போர்த்தப்பட்டது. மழை பெய்தால் கீழே நிற்பவர்களின் தலையில் தண்ணீர் கொட்டாது. துண்டுகளின் இடைவெளி வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, குழாய் வழியே பூங்காவிலுள்ள ஏரிக்குப் போய்ச் சேரும்படி அமைத்திருக்கிறார்கள்.

உள்ளே சிறிய வண்டியில் ஏறினால் மனிதன் மனிதனோடு பேசவும் எழுதவும் பழகிய வரலாறு காட்சி காட்சியாக வரும். குகைச் சுவரில் தீட்டிய சித்திரம், எகிப்தின் பாப்பிரஸ் தாள், பினீஷியரின் எழுத்துகள், கிரேக்கரின் பாடசாலை, ரோமரின் வீதிகள். பிறகு இருட்டு. அலெக்ஸாண்டிரியா நூலகம் எரிந்த செய்தி. கருகிய வாடை மூக்கில் ஏறும்.

எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைக்கும்போது அடுத்த காட்சி வருகிறது. அந்த ஏடுகளின் பிரதிகளைக் கிழக்கிலே அரபு அறிஞர்களும் யூத அறிஞர்களும் பாதுகாத்து வைத்திருந்தார்கள் என்று குரல் சொல்கிறது. வரலாறு இத்தனை சுருக்கமாக நடந்துவிடவில்லை. பக்தாதில் அப்பாஸியக் கலீபாக்களின் காலத்தில் கிரேக்க நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்தவர்களின் உழைப்பு பல தலைமுறை உழைப்பு. ஆனாலும் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் வந்துபோகும் ஓர் இடத்தில் அந்த உழைப்புக்கு ஒரு காட்சியாவது இருக்கிறது என்பது சிறிய செய்தியல்ல.

மூடப்பட்ட நாளை

இனி, இரசிகர்களின் மனக்குறைக்கு வருவோம்.

1983இல் இங்கே ‘ஹொரைசன்ஸ்’ என்றொரு காட்சி திறக்கப்பட்டது. அடிவானங்கள் என்று பொருள். நாளைய குடும்பங்கள் பாலைவனத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் எப்படி வாழும் என்று அதில் காட்டினார்கள். பாலைவனத்தில் தோடம்பழத் தோட்டம் வரும்போது உண்மையாகவே தோடம்பழ மணம் வீசும். தூர தூரமாய்ப் பிரிந்திருக்கும் குடும்பத்தார் ஒருவரை ஒருவர் உருவத்தோடு கண்டு பேசிக்கொள்வார்கள். முடிவில் எந்த வழியாக வீடு திரும்புவது என்பதைப் பயணிகளே பொத்தானை அழுத்தித் தெரிவுசெய்யலாம்.

1999 ஜனவரியில் அதை மூடினார்கள். பிறகு கட்டடத்தையே இடித்துவிட்டு, அதே இடத்தில் 2003இல் விண்கலப் பயணக் காட்சி ஒன்றைத் திறந்தார்கள். எப்கொட் இரசிகர்கள் இன்றும் நினைத்து வருந்துவது ஹொரைசன்ஸைத்தான்.

இதை ஏன் மூடினார்கள்? இந்தப் பூங்காவின் அறிவியல் காட்சிகளைப் பெரும் கொம்பனிகளின் பணத்தில்தான் கட்டினார்கள். வாகனக் காட்சிக்கு ஜெனரல் மோட்டர்ஸ், எரிசக்திக் காட்சிக்கு எக்ஸொன், ஹொரைசன்ஸுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக். கொம்பனி கையை எடுத்துக்கொண்டால் காட்சியைப் புதுப்பிக்கப் பணம் இருக்காது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1993இல் விலகியது; ஆறு வருடத்தில் ஹொரைசன்ஸும் போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. எதிர்காலத்தைக் காட்டும் காட்சிதான் எல்லாவற்றிலும் விரைவாகப் பழையதாகிவிடுகிறது. 1983இல் திரையில் முகம் பார்த்துப் பேசுவது அதிசயம். இன்று கடல் கடந்து தொழில் செய்யும் வாப்பாவின் முகத்தை நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தினமும் பார்க்கிறார்கள். பலித்துவிட்ட கனவைப் பார்க்க யார் டிக்கட் வாங்குவார்கள்?

இரு தரப்பு

மூடியவற்றின் இடத்தில் என்ன வந்தது என்பதில்தான் சண்டை சூடாகிறது.

நாடுகளின் பகுதியில் நோர்வேக்கு ஒரு படகுப் பயணம் இருந்தது. கடலோடிகளான வைக்கிங் மக்கள், நோர்வேயின் நாட்டுப்புறக் கதைகளில் வரும் பூதங்கள், வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை என்று ஒரு நாட்டின் பழமையையும் புதுமையையும் சேர்த்துக் காட்டியது. 2014இல் அதை மூடி, 2016இல் ‘புரோசன்’ என்ற கார்ட்டூன் படத்தின் காட்சியாக மாற்றினார்கள். படத்தில் வரும் நாடு நோர்வே அல்ல. அப்படியொரு நாடே உலகத்தில் இல்லை. கூரையில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்த எரிசக்திக் காட்சி 2017இல் மூடப்பட்டது. 2022இல் அந்த இடத்தில் விண்வெளி வீரர் படமொன்றின் பெயரால் வேக வண்டி ஓடத் தொடங்கியது.

ஒரு தரப்பு இரசிகர்கள் கேட்கிறார்கள்: “படம் பார்க்கப் படமாளிகை இருக்கிறது. பூங்காவுக்கென்று சொந்தமாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா? தெரிந்த முகத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வெளியே வரும் வழியில் பொம்மைக் கடையை வைத்தால் அது படைப்பா, வியாபாரமா?”

மறுதரப்பு சும்மா இருக்கவில்லை. “நீங்கள் சிறு வயதில் பார்த்ததை நினைத்து ஏங்குகிறீர்கள். அந்தப் பழைய காட்சிகளில் பிள்ளைகள் கொட்டாவி விட்டதை மறந்துவிட்டீர்கள். இப்போது நோர்வேப் படகுக்கு எத்தனை நீண்ட வரிசை நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் விரும்பி வருவது குற்றமா?” என்கிறார்கள். அவர்கள் காட்டும் பெரிய சாட்சி பக்கத்துப் பூங்காவில் இருக்கிறது. 2010 ஜூனில் ஓர்லாண்டோவின் யூனிவர்சல் பூங்காவில் ஹரி பொட்டர் கதையின் ஊர் ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். மந்திரவாதப் பாடசாலைக் கதை நமக்கு உவப்பானதா என்பது வேறு விடயம். கடைப் பலகையிலிருந்து கூரைப் பனி வரை அந்த ஊரைக் கட்டிய நுணுக்கத்தைக் கடும் விமர்சகர்களும் மெச்சினார்கள். ஆகவே கதை கடன் வாங்கியதா, சொந்தமானதா என்பதைவிட, வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்பதே கேள்வி என்று இத்தரப்பு வாதிடுகிறது.

இரசிகர்களின் குரலுக்குப் பலன் கிடைத்த சம்பவமும் உண்டு. கற்பனா சக்தியைப் பற்றிய ஒரு காட்சியில் ‘பிக்மென்ட்’ என்ற ஊதா நிறக் குட்டிப் பறவைநாகம் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்தது. 1999இல் காட்சியை மாற்றியபோது அதைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டார்கள். எதிர்ப்பு குவிந்தது. 2002இல் பிக்மென்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த நாகம் எந்தப் படத்திலிருந்தும் வந்ததல்ல, அந்தப் பூங்காவிலேயே பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

வயதாகாத இரண்டு இடங்கள்

இந்தச் சண்டைக்கு நடுவே, திறந்த காலத்திலிருந்து பெரிதாக மாற்றமின்றி நிற்கும் இரண்டு இடங்களுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

ஒன்று, ‘நிலம்’ என்ற காட்சி. படகில் ஏறினால் பயிர் வளரும் கண்ணாடிக் கூடங்களுக்குள் அது நகர்ந்து போகும். மண்ணே இல்லாமல் சத்து நீரில் வளரும் செடிகள், அந்தரத்தில் தொங்கும் வேர்கள், மரம்போல் படர்ந்து காய்க்கும் தக்காளி, தொட்டிகளில் மீன். எல்லாம் உண்மையானவை. விளைவதில் ஒரு பங்கு பூங்காவின் உணவுச்சாலைக்குப் போகிறது. அச்சுக்குள் வைத்து மிக்கியின் தலை வடிவில் வெள்ளரிக்காயும் வளர்க்கிறார்கள். அந்தக் குறும்பு அவர்களை விட்டுப் போகாது! ஆனாலும் காய் காய்தான். 1982இல் பார்த்த பிள்ளைக்கு எது அதிசயமோ, இன்று பார்க்கும் பிள்ளைக்கும் அதுவே அதிசயம்.

மற்றது ஏரிக்கரையில், ஜப்பானுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. தூரத்திலிருந்தே ஒரு மினாரா தெரியும். மராக்கிஷ் நகரின் குத்துபிய்யாப் பள்ளிவாசல் மினாராவின் சிறு வடிவம் அது. 1984 செப்டம்பரில் திறந்த மொரோக்கோ பகுதி இதுதான். மற்ற நாடுகளின் பகுதிகளுக்குக் கொம்பனிகள் பணம் போட்டன. மொரோக்கோவுக்கு மட்டும் அதன் அரசாங்கமே நேரடியாக முன்வந்தது. மன்னர் இரண்டாம் ஹஸன் தன் நாட்டுக் கைவினைஞர்களை அனுப்பிவைத்தார். ஒன்பது தொன் ஓடுகளைக் கையாலேயே வெட்டிப் பதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ‘ஸெல்லீஜ்’ என்ற அந்த வேலைப்பாட்டில் மனித உருவமோ மிருக உருவமோ இல்லை. நட்சத்திரமும் கோணமும் கொடியும்தான். பாஸ் நகரின் பாப் பூஜலூத் வாசலைப்போல் ஒரு வாசல், அதற்குள் ஒடுங்கிய தெருக்கள், முற்றமும் தூண்களுமாய் ஒரு வீடு, ஓடு பதித்த நீர்த்தாரை. ஓரிடத்தில் நின்று ஒரு சுவரை மட்டும் பார்த்தாலே அரை மணி நேரம் போய்விடும்.

குத்துபிய்யா என்ற பெயர் கிதாபு என்ற சொல்லோடு சேர்ந்தது. மராக்கிஷில் அந்தப் பள்ளியைச் சுற்றிப் புத்தக வியாபாரிகள் கடை வைத்திருந்ததால் வந்த பெயர். கோளத்துக்குள் ஏடுகளைக் காத்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு, இந்த மினாராவின் பெயரைச் சொல்லிக்கொடுக்க ஓர் உம்மா பக்கத்தில் இருந்தால் எத்தனை நன்றாயிருக்கும்!

ஆனால் இது பள்ளிவாசல் அல்ல. இந்த மினாராவிலிருந்து பாங்கு கேட்காது. ஏரியைச் சுற்றிலும் மதுபானம் தாராளமாக விற்கிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. போகின்ற குடும்பங்கள் கண்ணைத் திறந்துகொண்டே போகவேண்டும்.

என் மனதில் படுவது இதுதான், சகோதரிகளே. நாளையைப் பற்றிய ஊகம் பழையதாகிவிட்டது. இன்றைய படத்தின் நாயகனுக்கும் ஒரு நாள் மவுசு குறையும். செடி செடியாகவே வளர்கின்ற இடமும், கைவினைஞன் தன் முழுக் கைத்திறனையும் வைத்துவிட்டுப் போன சுவரும் நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கின்றன. இரு தரப்பும் சொந்தக் கதையா, கடன் கதையா என்று வாதாடுகின்றன. எனக்கோ, அது மெய்யான பொருளா, வெறும் பூச்சா என்பதே முதலில் கேட்க வேண்டியதாகத் தோன்றுகிறது.

டிக்கட்டும் குப்பைத் தொட்டியும்

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1982இல் எப்கொட்டுக்குள் நுழைய ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 15 டொலர். இன்று அது 100 டொலரைத் தாண்டிவிட்டது; கூட்டமான நாட்களில் இன்னும் கூடும். பணத்தின் பெறுமதி குறைந்ததைக் கணக்கில் எடுத்தாலும் இரண்டு மடங்குக்கு மேல். முன்பு வரிசையில் காத்திருக்காமல் போக இலவசச் சீட்டு ஒன்று இருந்தது. 2021 முதல் அதற்கும் தனிக் காசு. தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ வேண்டும் என்று தொடங்கிய எண்ணம், காசுள்ள தகப்பனுக்கு ஒரு வரிசை, இல்லாத தகப்பனுக்கு வேறு வரிசை என்று வந்து நிற்கிறது. இந்த ஒரு விடயத்தில் இரண்டு தரப்பு இரசிகர்களும் ஒன்றாகவே முறையிடுகிறார்கள்.

நல்ல கற்பனைக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தில் எப்தெலிங் என்ற பூங்கா இருக்கிறது. அதன் கதைக் காடு 1952இல் திறக்கப்பட்டது. அதன் சொந்தக்காரர் ஓர் அறநிலையம். பங்குதாரர்களுக்கு இலாபம் பிரிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே வாயைப் பிளந்துகொண்டு “கடதாசி இங்கே!” என்று கூப்பிடும் தடித்த பொம்மைகள் நிற்கின்றன. அவைதான் குப்பைத் தொட்டிகள். கடதாசியைப் போட்டால் உள்ளே உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்லும். பிள்ளைகள் கீழே கிடக்கும் கடதாசிகளைத் தேடித் தேடிப் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எந்தப் படத்தின் நாயகனும் இல்லை, யாரும் உபதேசம் செய்யவும் இல்லை.

இனி வரப்போவது

இந்த விவாதம் நமக்குத் தூரத்து விடயமல்ல. 2025 மே மாதத்தில் டிஸ்னி கொம்பனி ஓர் அறிவித்தல் செய்தது. அபூதாபியின் யாஸ் தீவில் அதன் அடுத்த பூங்கா வரப்போகிறது. கட்டுவதும் நடத்துவதும் மிரால் என்ற அமீரக நிறுவனம். பெயரையும் வடிவமைப்பையும் கொடுப்பது டிஸ்னி. அமீரகத்தின் தனித்தன்மையும் அதில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். வளைகுடாவில் நம் வீட்டு ஆண்களும் பெண்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! நாளைக்கு நம் பிள்ளைகளும் அந்த வாசலில் நிற்கக்கூடும்.

அங்கே எழும்பப்போவது எது? மொரோக்கோச் சுவரைப்போல் அந்த மண்ணின் கைவினைஞர்கள் தங்கள் வேலையை விட்டுச்செல்லும் இடமா? அல்லது பிளாஸ்டிக்கில் வார்த்த ஓர் ஒட்டகமும் அலாவுதீன் விளக்கும்தானா? பணம் அங்கே தாராளமாக இருக்கிறது. அரபு எழுத்தணிக் கலை, முத்துக் குளித்தவர்களின் கடல், பாலைவனத்தில் நட்சத்திரம் பார்த்து வழி நடந்தவர்களின் அறிவு என்று சொல்ல வேண்டிய கதைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குகிற பெற்றோர் இருந்தால்தான் கட்டுபவர்களுக்கும் அந்த எண்ணம் வரும். பிக்மென்ட் திரும்பி வந்ததும் கேட்டதனால்தானே?

அதுவரை, அடுத்த முறை பிள்ளைகளோடு எங்கே போனாலும், பேராதனைத் தாவரவியல் பூங்காவோ, ஊர்க் கடற்கரையோ, பக்கத்து ஊர்க் கண்காட்சியோ, திரும்பி வரும் பஸ் வண்டியில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்: “இன்றைக்குப் பார்த்ததில் எதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை?” என்ன வாங்கினாய் என்று கேட்காதீர்கள். பிள்ளை ஒரு பதில் சொன்னால், அந்தப் பயணத்துக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை. பதில் சொல்ல ஒன்றுமில்லை என்றால், அடுத்த பெருநாளுக்கு வேறு இடம் பார்ப்போம்.